டாக்டர் வீட்டு வேனுக்கு வந்த காய்ச்சல்

வேனை விற்க விடக்கூடாது என்று டாக்டர் முடிவெடுத்தது வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான். மனுஷருக்கு யோசனைகளெல்லாம் அங்கேதான் வரும். வீட்டுக்குள் வராது. வீட்டுக்குள் யோசிக்கிற வேலையை அவர் மனைவி எடுத்துக்கொண்டு பல காலம் ஆகிறது.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வண்டி மெக்கானிக். தெருமுனையில் பட்டறை. புகையை முகர்ந்தே இன்ஜினின் நோயைச் சொல்லிவிடுகிறார் என்று தெருவாகப் பார்த்துக் கொடுத்த பட்டம் அது. சோதித்துப் பார்க்காமல் ஒரு வாஷரைக்கூட மாற்றமாட்டார். அவர் வீட்டுக்கு நேர் எதிரே இன்னொருவர் பட்டறை வைத்திருந்தார். அவர் எந்த வண்டி வந்தாலும், "இதை மாத்திப் பாரு, சரியாகலைன்னா அதை மாத்திப் பாரு" என்பார். நாளடைவில் அவருக்கு மாத்திப்பாரு என்றே பெயராகிவிட்டது. ஹார்ன் அடிக்கவில்லை என்று போனவருக்கு கியர்பாக்ஸை மாற்றி அனுப்பிய புண்ணியவான். அவர் குரல் காதில் விழுந்தாலே டாக்டருக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வேன், உலகம் சுற்றலாம் என்று டாக்டர் ஆசை ஆசையாக வாங்கிய டீசல் வேன். தெருவைச் சுற்றியதோடு சரி. அதற்கப்புறம் வீட்டை ஒட்டிய ஷெட்டில் நின்றது நின்றதுதான். லீவு நாள் வந்தால் போதும், "கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு அடியில் போய்ப் படுத்துவிடுவார். பழைய சீட் ஒன்று அங்கே தலையணையாக இருந்தது. உள்ளே இருப்பவளுக்குச் சந்தேகம் வராமல் இருக்கத் தூக்கத்திலேயே ஸ்பேனரால் 'டங் டங்' என்று தட்டுகிற வித்தையும் அவருக்குக் கைவந்திருந்தது. சுருக்கமாகச் சொன்னால், இந்தப் பூமியில் அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரே இடம் அந்த வேனின் அடிவயிறு.

மற்ற இடமெல்லாம் டெய்லரம்மாவுக்குச் சொந்தம். டெய்லரம்மா அவர் மனைவி. படுக்கையறையில் தையல் மெஷின். கட்டில்தான் துணி வெட்டுகிற மேஜை. நாற்காலியில் நூல்கண்டு, ஜன்னலில் இன்ச் டேப். டாக்டர் குண்டூசி குத்தாமல் தூங்கிய நாள் இல்லை. ஒரு தடவை யாருடைய கவுனின் கையோ முதுகில் ஊசியோடு ஒட்டிக்கொண்டிருக்க, அப்படியே பட்டறைக்குப் போய் மதியம் வரை வேலை பார்த்துவிட்டு வந்தார்.

இதில் ஒரு அநியாயத்தையும் சொல்ல வேண்டும். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பெரிய பை தொங்கும். வீட்டுத் துணியில் கிழிந்ததெல்லாம் அதற்குள் போகும். போனது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஊர்த் துணியைத் தைத்து முடிக்கவே நேரம் போதாதவளுக்கு வீட்டுத் துணிக்கு ஏது நேரம்? டாக்டரின் அருமையான பழுப்புப் பேண்ட் பின்பக்கம் பிரிந்து அதற்குள் போய் வருஷக்கணக்காகிவிட்டது. காலையில் பல் தேய்க்கிறாரோ இல்லையோ, கேட்டுவிடுவார்.

"என் பேண்ட் என்னாச்சு?"

"ஆயிட்டே இருக்கு. உங்க வேன் என்னாச்சு?"

"ஆயிட்டே இருக்கு."

இதைச் சொல்லிக்கொண்டால்தான் அந்த வீட்டில் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் ஒருநாள் சாயங்காலம் டெய்லரம்மா நூலைக் கடித்துக்கொண்டே குண்டைப் போட்டாள்.

"என்னங்க, வேனுக்கு ஆள் பார்த்துட்டேன்."

"எதுக்கு ஆளு? ஓட்டறதுக்கா?"

"வாங்கறதுக்கு. பேக்கரிக்காரர் ஞாயித்துக்கிழமை காலையில வராரு. ரொட்டி எடுத்துட்டுப் போக வேன் வேணுமாம்."

"என் வேன்ல ரொட்டியா?"

"ரொட்டியாவது நாலு இடம் பார்த்துட்டு வரட்டுமே."

"இல்லம்மா, அதுல கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு."

"அந்தக் கொஞ்சத்தைத்தான் நானும் வருஷக்கணக்கா பார்த்துட்டு இருக்கேன். குறையவே மாட்டேங்குது. எனக்கு ஷெட்டு வேணும். இன்னொரு மெஷின் போடணும், வெட்டறதுக்கு ஒரு மேஜை போடணும். தினமும் உங்க முதுகுல ஊசி குத்தறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

டாக்டர் நெகிழ்ந்துபோனார். "கஷ்டமா இருக்கா உனக்கு?"

"ஊசி வளைஞ்சிடுதுங்க."

அன்றைக்கு டாக்டர் நேராக வேனுக்கு அடியில் போய்ப் படுத்தார். தூக்கம் வரவில்லை. யோசனை வந்தது. எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியாது. அழுது பார்க்கலாம் என்றால், அழுகிறவருக்கு அவள் கைக்குட்டை தைத்துக் கொடுத்துவிட்டு வேனை விற்றுவிடுவாள். வேன் தானாகவே நோயில் விழுந்தால்? நோயாளியை யார் வாங்குவார்கள்? மேலே அண்ணாந்து பார்த்தார். புகைக்குழாய் அவரைப் பார்த்துச் சிரித்தது.

அந்த வேனின் புகைக்குழாயில் சூடு பார்க்கிற சென்சார்கள் மூன்று இடத்தில் உண்டு. முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. நாம் காய்ச்சல் பார்க்கிற மாதிரி, புகை எவ்வளவு சூடாகப் போகிறது என்று பார்த்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. ஒன்று தப்பாகச் சொன்னால் போதும். கம்ப்யூட்டர் அரண்டுபோய் மஞ்சள் விளக்கைப் போட்டுவிடும். அப்புறம் வண்டி வேகம் எடுக்காது, நொண்டியடிக்கும். பட்டறையில் கழித்துப் போட்ட டப்பாவில் செத்துப்போன சென்சார் ஒன்று கிடந்தது. மறுநாள் டாக்டர் அதைக் கொண்டுவந்தார். வேனின் நடு சென்சாரைக் கழற்றினார். அது வெந்து இறுகியிருந்ததால் உயிர் போய் உயிர் வந்தது. இடத்தைத் துடைத்து, கிரீஸ் தடவி, செத்ததை மாட்டினார். சாவியைத் திருகினார். மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

இப்போது நல்ல சென்சாரை எங்கே ஒளிப்பது? பட்டறையில் வைத்தால் எவனாவது எடுத்து எவன் வண்டியிலாவது மாட்டிவிடுவான். வீட்டிலோ அவள் கை படாத இடம் கிடையாது. அவருடைய டூல் பாக்ஸைத் திறந்தால்கூட அவளுடைய கத்தரிக்கோல்தான் முதலில் வரும். யோசித்து யோசித்து டாக்டர் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தார். அவள் எட்டிக்கூடப் பார்க்காத ஒரே இடம். கதவுக்குப் பின்னால் தொங்குகிற பை. சென்சாரை எடுத்துப் பழுப்புப் பேண்ட்டின் பாக்கெட்டில் போட்டு, பையின் அடியில் அமுக்கிவிட்டார். வருஷக்கணக்காக அந்தப் பேண்ட்டுக்கு வராத ஆபத்து இந்த வாரத்திலா வந்துவிடப் போகிறது?

அதற்குப் பிறகு டாக்டர் பரம சாது ஆகிவிட்டார். அந்தக் கதவுப் பக்கம் திரும்புவதில்லை. டீ ஆறியிருந்தாலும் அமிர்தம் என்றார். ஊசி குத்தியபோதுகூடச் சத்தம் போடாமல், அதை எடுத்துத் துடைத்து அவளிடமே கொடுத்தார். டெய்லரம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தையலைத் தொடர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பேக்கரிக்காரரும் வந்தார். புருவத்தில் மாவு ஒட்டிய ஆஜானுபாகு. கையில் சூடான ரொட்டி. டாக்டர் அவரை ஷெட்டுக்கு அழைத்துப்போன முகத்தைப் பார்த்தால் துக்கம் விசாரிக்க வந்த வீடு என்றே யாரும் நினைப்பார்கள்.

"வாங்க. ஆனா வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை."

"என்ன ஆச்சு?"

டாக்டர் சாவியைத் திருகினார். மஞ்சள் விளக்கு எரிந்தது. "பார்த்தீங்களா? சூட்டு விளக்கு. ஸ்டார்ட் பண்ணவே எனக்குப் பயமா இருக்கு. உள்ளே எங்கியோ கொதிக்குது. எங்கேன்னே பிடிபடலை. நான் எல்லாம் பார்த்துட்டேன்."

"உங்களுக்கே பிடிபடலையா?"

"என்ன பண்றது? சில நோய்க்கு மருந்து கிடையாது."

பேக்கரிக்காரர் வேனின் கதவைத் தடவிக் கொடுத்தார். "நல்ல வண்டி. கொடுத்து வைக்கலை எனக்கு." ரொட்டியை டெய்லரம்மா கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். டாக்டரின் மனசுக்குள் மேளம் கொட்டியது. இன்னும் நாலு எட்டு வைத்தால் கேட். கேட்டைத் தாண்டிவிட்டால் வேன் தப்பித்தது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் டெய்லரம்மா. "இவருக்குத் தெரியலைன்னா என்ன, எதிர்ல இருக்கற அண்ணனைக் கேட்டுப் பார்க்கலாமே?"

டாக்டருக்கு மேளம் நின்றுவிட்டது. "எந்த அண்ணனை?"

அவள் கேட்டருகே போய்க் கை தட்டி, விஷயத்தைச் சத்தமாகச் சொன்னாள். கூப்பிடுவதற்காகவே காத்திருந்தவர் போல மாத்திப்பாரு வந்து நின்றார். தோளில் ஆளுயரத்துக்கு ஒரு பைப் ரெஞ்ச்.

"என்ன டாக்டர், கையை விரிச்சிட்டீங்களாமே?"

"யார் சொன்னது?"

"தெருவே பேசுது."

"தெருவுக்கு அதுக்குள்ள எப்படித் தெரியும்? இப்பத்தானே உன்னைக் கூப்பிட்டா?"

"வர்ற வழியில ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டுத்தான் வரேன்."

மாத்திப்பாரு விளக்கைப் பார்த்தார். டயரை உதைத்தார். வைத்தியம் முடிந்துவிட்டது. "கம்ப்யூட்டர் போச்சு. மாத்திப் பாரு. சரியாகலைன்னா சைலன்சரை மொத்தமா மாத்திப் பாரு. அதுக்கு முன்னாடி இந்த சென்சாரையெல்லாம் பிடுங்கிப் போட்டுடலாம்." சொல்லிக்கொண்டே ரெஞ்சோடு வேனுக்கு அடியில் புகுந்தார். டாக்டருடைய இடத்தில், டாக்டருடைய சீட்டில் தலையை வைத்துப் படுத்தார்.

டாக்டர் குனிந்து பார்த்தார். ரெஞ்சின் வாய், முன்னால் இருக்கும் சென்சாரைக் கவ்விக்கொண்டிருந்தது. அது நல்ல சென்சார். வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து குழாயோடு ஒட்டிக் கிடக்கிறது. பக்குவம் தெரியாதவன் திருகினால் பாதி கையோடு வரும், பாதி குழாய்க்குள் நிற்கும். அப்புறம் அந்தக் குழாயை அறுத்துத்தான் எறிய வேண்டும்.

பேக்கரிக்காரர் வேறு பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டார். "என் கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் உங்களைத்தான் சொல்லுவேன், டாக்டர். இனிமே இவரைச் சொல்லணும்போல."

கோளாறைக் கண்டுபிடித்தால் வேன் போய்விடும். கண்டுபிடிக்காவிட்டால் பேர் போய்விடும். அதுவும் யாரிடம்? ஹார்னுக்கு கியர்பாக்ஸ் மாற்றியவனிடம். ரெஞ்ச் லேசாக முனகியது. மாத்திப்பாரு தம் பிடிக்கிற சத்தம் கேட்டது.

"தொடாதே!"

டாக்டரின் கத்தலில் மாத்திப்பாரு தலையைத் தூக்கி வேனின் அடியில் முட்டிக்கொண்டார்.

"வெளிய வா. என் வண்டியை நான் பார்த்துக்கறேன்."

"எங்கேன்னு பிடிபடலைன்னீங்களே?" என்றாள் டெய்லரம்மா, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

"இன்னும் சரியா பார்க்கலைன்னுதான் சொன்னேன்."

அப்போதுதான் டாக்டருக்கு ஒரு வழி தெரிந்தது. அடடா, இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை? கோளாறைக் கண்டுபிடிக்கலாம். ஊர் பார்க்க, எதிரி பார்க்க, பிரமாதமாகக் கண்டுபிடிக்கலாம். சென்சார் செத்துப்போச்சு என்று சொல்லலாம். ஆனால் புது சென்சார் கிடைக்காது என்று சொல்லிவிட்டால்? பேரும் நிற்கும், வேனும் நிற்கும். அவருக்கே தன்மேல் மதிப்பு கூடிப்போயிற்று. சட்டைக் கையை மடித்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு வருகிற சூட்டு அளவைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை எடுத்துவந்து வேனில் சொருகினார்.

"எல்லாரும் இங்க பாருங்க. வண்டி காலையிலேருந்து ஓடலை. குழாய் ஜில்லுன்னு கிடக்கு. அப்ப மூணு சென்சாரும் ஒரே சூட்டைத்தான் காட்டணும். முன்னாடி இருக்கறது என்ன சொல்லுது? வெளியில எவ்வளவு சூடோ அவ்வளவுதான்னு சொல்லுது. பின்னாடி இருக்கறதும் அதையேதான் சொல்லுது. நடுவுல இருக்கறதைப் பாருங்க."

பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். "அம்மாடி! என் அடுப்புகூட இவ்வளவு எரியாதே!"

"ஓடாத வண்டியில இப்படிக் கொதிக்குமா? இப்ப யாரை நம்பறது, யாரைச் சந்தேகப்படறது?"

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்" என்றாள் டெய்லரம்மா.

மனைவி தன்னிடம் பாடம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! டாக்டருக்குக் குரலே மாறிவிட்டது. "ரொம்ப சிம்பிள்மா. இந்த நேரத்துக்கு ஒருத்தன் இப்படித்தான் இருக்கணும்னு நமக்குத் தெரியும். அப்படி இல்லாம அவன் திடீர்னு வேற மாதிரி இருந்தான்னா, கோளாறு அவன்கிட்டதான்."

"இருக்க வேண்டிய மாதிரி இல்லாம, திடீர்னு வேற மாதிரி."

"அதேதான்."

"நல்லாப் புரிஞ்சுதுங்க" என்றாள் அவள்.

"அப்ப சென்சாரை மாத்திப் பாரு!" என்று தலையைத் தேய்த்துக்கொண்டே குரல் கொடுத்தார் மாத்திப்பாரு.

"மாத்தறதுக்கு முன்னாடி சோதிக்கணும்யா. ஒயர் அறுந்திருந்தாலும் இதே மாதிரிதான் காட்டும்." டாக்டர் அடியில் புகுந்து, சென்சாரின் பிளக்கைக் கழற்றி, மீட்டரை வைத்து ஒயரைச் சோதித்தார். ஒயர் நன்றாக இருந்தது. இருக்காதா பின்னே? ஸ்பேனரை எடுத்து சென்சாரில் வைத்தார். ஒரு தட்டுத்தான் தட்டினார். அது குழந்தை மாதிரி கழன்று கையில் வந்து விழுந்தது.

அங்கேதான் சனி வந்து உட்கார்ந்தது.

"என்ன டாக்டர்," என்று மாத்திப்பாரு கீழே குனிந்தார். "இத்தனை வருஷமா சூட்டுல வெந்த சென்சாரு. சும்மா தொட்டதும் கழலுது?"

"அது... கைராசி."

"மரையில புது கிரீஸ் வேற இருக்கே? யாரோ இப்பத்தான் கழட்டி மாட்டின மாதிரி இருக்கு."

டாக்டர் சென்சாரை உள்ளங்கையில் மூடினார். காதோரமாக வியர்வை ஓடியது. பேக்கரிக்காரர் அவர் முகத்தையும் சென்சாரையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்வதற்கு ஒரு பொய்கூட டாக்டருக்குக் கிடைக்கவில்லை. வேனுக்கு அடியில் படுத்திருந்தும் யோசனை வராத முதல் நாள் அதுதான்.

"என்னண்ணே நீங்க," என்றாள் டெய்லரம்மா. "லீவு நாளெல்லாம் இவர் அதுக்கு அடியிலதானே கிடக்காரு? கிரீஸ் போடாம வேற என்ன பண்ணுவாரு? தூங்கவா போறாரு?"

மாத்திப்பாரு நிமிர்ந்துகொண்டார். டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம் போல இருந்தது. ஆனாலும் அவள் 'தூங்க' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொன்ன மாதிரி பட்டது. பிரமையாக இருக்கும் என்று அவர் வெளியே ஊர்ந்து வந்தார்.

"கடைசிச் சோதனை. சூடு வேணும்."

"இஸ்திரிப் பெட்டி கொண்டு வரட்டுமா?"

"கொண்டு வா."

அவள் ஒயரை நீளமாக இழுத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியோடு வந்தாள். டாக்டர் மீட்டரின் இரண்டு முனைகளையும் சென்சாரின் பிளக்கில் மாட்டி, அதன் நுனியைச் சூடான பெட்டியின்மேல் வைத்தார். "உயிரோட இருக்கற சென்சார்னா, சூடு ஏற ஏற மீட்டர்ல நம்பர் ஓடணும். பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். மீட்டர் வாயைத் திறக்கவே இல்லை.

"செத்துப்போச்சு" என்றார் டாக்டர்.

பேக்கரிக்காரர் மாவு பறக்கக் கை தட்டினார். "டாக்டர்னா டாக்டர்தான்யா!" மாத்திப்பாரு ரெஞ்சை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். அவரால் அப்போது மாற்ற முடிந்தது அதைத்தான். டாக்டருக்குத் தலை கால் புரியவில்லை.

"அப்ப வண்டியில வேற குத்தம் எதுவும் இல்லையா?" என்றாள் டெய்லரம்மா.

"குத்தமா? என் வண்டியிலயா?" இனி என்ன பயம் என்று டாக்டர் அவிழ்த்து விட்டார். "இன்ஜின் தங்கம். கியர் வெண்ணெய். பிரேக்கு நின்னா நின்ன இடம். இந்த ஒரு சென்சார் மட்டும் இருந்தா இன்னிக்கே உலகத்தைச் சுத்தி வரலாம்."

"நிஜமாவா? சும்மா பேச்சுக்குச் சொல்லாதீங்க. அவர் நம்பி வாங்கறவரு."

"என் தொழில்மேல சத்தியம்!" என்று சொல்லிவிட்டு, டாக்டர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "ஆனா என்ன பிரயோஜனம்? இந்த மாடலுக்கு சென்சார் வர்றதே நின்னு போச்சு. எங்கியாவது சொல்லி வெச்சு, கப்பல்ல ஏத்தி, அது வந்து சேர்றதுக்குள்ள நமக்கெல்லாம் வயசாயிடும். அது இல்லாம ஓட்டவும் கூடாது. புகையை வடிகட்டற ஃபில்டர்ல கரி அடைச்சு இன்ஜினே போயிடும்."

"உங்ககிட்ட இருக்கா?" என்று பேக்கரிக்காரர் மாத்திப்பாருவிடம் கேட்டார்.

"எங்கிட்டயும் இல்லை" என்றார் அவர். அவர் வாயிலிருந்து டாக்டர் கேட்ட முதல் நல்ல வார்த்தை.

"கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று டெய்லரம்மா பேக்கரிக்காரரிடம் சொன்னாள். "சென்சார் மட்டும் இருந்தா போதும். டாக்டரே சத்தியம் பண்ணிட்டாரு. கொஞ்சம் இருங்க, வந்துடறேன்."

அவள் உள்ளே போனாள். டாக்டர் வேனின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். 'பயப்படாதே, நான் இருக்கேன்' என்று மனசுக்குள் அதற்குச் சொன்னார். படுக்கையறைக் கதவு கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது.

டெய்லரம்மா திரும்பி வந்தாள். இரண்டு கையிலும் தாம்பாளம் ஏந்துகிற மாதிரி ஏதோ ஏந்தியிருந்தாள். நன்றாகத் துவைத்து, தைத்து, கத்தி மாதிரி மடிப்பு வைத்து இஸ்திரி போட்ட பழுப்புப் பேண்ட். அதன் மேலே வெட்டுத் துணியில் சுற்றி ஒரு பொட்டலம்.

"கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, உங்க பேண்ட்டைத் தைச்சிட்டேங்க. பாக்கெட்டுல இது இருந்துச்சு. உதவுமான்னு பாருங்க."

டாக்டர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. பிரிக்காமலே தெரிந்தது. பேக்கரிக்காரர்தான் ஆசையாகப் பிரித்தார். "அட, இதேதானே டாக்டர்? இதே சைஸ், இதே பிளக்கு!"

"சோதிச்சுப் பார்த்துடுங்க," என்றாள் டெய்லரம்மா. "சோதிக்காம மாட்டமாட்டீங்களே நீங்க." இஸ்திரிப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

வேறு வழியில்லை. டாக்டர் மீட்டரை மாட்டி, நுனியைப் பெட்டியின்மேல் வைத்தார். பிறந்ததிலிருந்து அவர் எந்தச் சென்சாரும் கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதில்லை. அன்றைக்கு வேண்டிக்கொண்டார். நம்பர் குதிரை மாதிரி ஓடியது.

அது ஆறியதும் தன் கையாலேயே மாட்டினார். ஸ்கேனரில் மூன்றும் ஒரே அளவு காட்டின. மஞ்சள் விளக்கு அணைந்தது. இன்ஜின் ஸ்டார்ட் ஆனபோது சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. பாவி, கொஞ்சமாவது இருமியிருக்கக் கூடாதா என்று டாக்டர் நினைத்தார். பேக்கரிக்காரர் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓட்டிப் போனார்.

"ஸ்பேர் பார்ட்ஸை பேண்ட்டுல வெச்சிருக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று மாத்திப்பாரு சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போனார். வழியில் ரெண்டு பேரிடம் நின்று பேசினார்.

ஷெட் வெறிச்சென்று இருந்தது. தரையில் எண்ணெய்க் கறையும் பழைய சீட்டும்தான் பாக்கி. டாக்டர் அந்தச் சீட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். டெய்லரம்மா ரொட்டியைப் பிய்த்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"நீங்க சொன்ன மாதிரிதான். தினமும் காலையில 'என் பேண்ட் என்னாச்சு'ன்னு கேட்கற மனுஷன் திடீர்னு கேட்கலை. ஒருநாள் மறந்திருக்கலாம். அடுத்த நாளும் கேட்கலை. அதுக்கு அடுத்த நாள் நானே வலிய 'வேன் என்னாச்சு'ன்னு கேட்டேன், அப்பவும் வாயைத் திறக்கலை. இருக்க வேண்டிய மாதிரி இல்லாம வேற மாதிரி. சரி, கோளாறு பேண்ட்டுலதான்னு பையைத் திறந்தேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே. எதுக்கு ஊரைக் கூட்டி..."

"எனக்கு மாட்டத் தெரியாதேங்க. அதோட, வண்டி நல்ல வண்டின்னு நான் சொன்னா அவர் நம்புவாரா? டாக்டர் சத்தியம் பண்ணணுமில்ல?"

டாக்டர் ரொட்டியை மென்றார். நன்றாகத்தான் இருந்தது, அது வேறு வயிற்றெரிச்சல்.

"மனசை விடாதீங்க," என்று அவள் அவர் தோளைத் தட்டினாள். "இங்கே பெரிய மேஜை போடப்போறேன். அதுக்கு அடியில உங்க நீளத்துக்கு இடம் விடச் சொல்லியிருக்கேன். இந்த சீட்டையும் அங்கேயே போட்டுக்கங்க. ஸ்பேனரால மட்டும் தட்ட வேணாம். துணி கொடுக்க வர்றவங்க பயந்துக்குவாங்க."

அவள் எழுந்து போன பிறகும் டாக்டர் வெகுநேரம் அங்கேயே இருந்தார். மிச்சமென்று கையில் இருந்தது அந்தப் பழுப்புப் பேண்ட் ஒன்றுதான். போகட்டும், இத்தனை வருஷம் கழித்து அதுவாவது கிடைத்ததே என்று எழுந்துபோய்ப் போட்டுப் பார்த்தார். பின்பக்கத் தையல் அவ்வளவு நேர்த்தி. இடுப்புக்கூடச் சரியாக உட்கார்ந்தது. ஆறுதலாகக் கையைப் பாக்கெட்டில் விடப் போனார்.

இரண்டு பாக்கெட்டையும் வாயோடு வாய் சேர்த்துத் தைத்திருந்தாள்.